மூச்சை எண்ண உட்கார்ந்தால் கொழுந்துக் கணக்கு ஓடுகிறது

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுவை எழுதுகிறேன். ஆறு மாதமாகச் சரியான தூக்கமில்லை. கூட வேலை செய்யும் சிங்கள நண்பர் ஆனாபானசதி, அதாவது மூச்சைக் கவனிக்கும் பௌத்தத் தியானம், சொல்லிக்கொடுத்தார். விடியற்காலையில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருகிறேன். பத்து மூச்சுக்குள் நேற்றைய கிலோக் கணக்கு வந்துவிடுகிறது. அம்மா வேறு, "முருகனை விட்டுட்டியா?" என்கிறார். எனக்கு இது சரிவராதா?

பதில் 1: தம்பி, கணக்கு ஓடுவதைக் கண்டுபிடித்தீர்களே, பயிற்சியே அதுதான். திட்டாமல் திரும்பி வாருங்கள். மூக்கு நுனியைக் கவனியுங்கள். நம்ம குளிரில் அது சுலபம்: உள்ளே போவது சில்லென்று இருக்கும், வெளியே வருவது வெதுவெதுப்பு.

பதில் 2: பேராதனைக்குப் பக்கத்தில் ஹிந்தகலை தம்மகூட தியான நிலையத்தில் 10 நாள் விபாசனா தியானப் பயிற்சியில் இருந்தேன். கட்டணமில்லை. காலை 4 மணிக்கு எழுப்புவார்கள், பேச்சும் போனும் கிடையாது, முதல் மூன்று நாளும் மூச்சு மட்டும்தான். இரண்டாம் நாளே முழங்கால் வலியில் பையைக் கட்டிவிட்டேன் (அப்புறம் அவிழ்த்தேன்). லீவு கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

பதில் 3: அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி, நான் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் தினமும் உட்காருகிறேன்.

கேட்டவர்: சரி அக்கா. இன்றைக்குப் பதினேழு மூச்சு வரை போனேன். பிறகு பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவது) கூப்பிட்டுவிட்டார்கள்.