ட்யூனர் குமிழ் இறுகிவிட்டது, எந்த எண்ணெய் விடலாம்? (அவசரம்)

குளச்சல்_அலை:
அண்ணன்மாரே, அவசரம். ஹாம் ரேடியோ ட்யூனரின் (ரேடியோவையும் ஆன்டெனாவையும் பொருத்தும் பெட்டி) குமிழ் இறுகிப்போய்த் திரும்ப மாட்டேன் என்கிறது. எந்த எண்ணெய் விடலாம்? நாளைக் காலை ரேடியோ நெட்டில் (ஹாம்கள் அலையில் கூடும் நேரம்) செக்-இன் செய்யவேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தக்கலை_டைப்போல்:
எந்தக் குமிழ் தம்பி? கெப்பாசிட்டரா (தகடுகள் சுழல்வது), காயிலா (கம்பிச் சுருள்)? காயில் என்றால் சுவிட்ச் வைத்ததா, சக்கரம் உருளுவதா? எத்தனை வாட்ஸ், என்ன ஆன்டெனா?

மார்த்தாண்டம்_மின்:
குளச்சல் என்றாலே உப்புதான், வேறு எதையும் தேட வேண்டாம். இந்த ஆனிச் சாரலில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிறது, ட்யூனர் மட்டும் தப்புமா? பெட்டிக்குள் ஒரு 5 வாட்ஸ் பல்பை எரியவிடுங்கள், ஈரம் தங்காது.

வேளிமலை_சிக்னல்:
ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். எங்கள் அப்பா வால்வு ரேடியோ கெப்பாசிட்டருக்கு அதைத்தான் தொட்டு வைப்பார், முப்பது வருஷம் ஓடியது.

பழைய_மோர்ஸ்:
தேர்வு எழுதித்தானே லைசென்ஸ் வாங்கினீர்கள்? கருவியைத் திறந்து பார்க்காமல் எண்ணெய் கேட்பது, நாடி பிடிக்காமல் மருந்து கேட்பது போல. ட்யூனரில் எது மின்சாரம் போகும் இடம், எது வெறும் தாங்கி என்று முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

குளச்சல்_அலை:
நடுக் குமிழ், காயில். சக்கரம் உருளும் வகை. மாடல் பெயர் அழிந்துவிட்டது, பழையதாக வாங்கினேன். 50 வாட்ஸ். நேற்றே தையல் மெஷின் எண்ணெயைக் காயில் முழுக்க ஊற்றினேன், கெப்பாசிட்டருக்குப் போட் இன்ஜின் கிரீஸும் வைத்தேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இப்போது பலமாகத் திருகினால் சுற்றுகிறது, ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) முள் குதிக்கிறது. 14 மெகாஹெர்ட்ஸில் உள்ளே சட் சட் என்று சத்தம்.

தக்கலை_டைப்போல்:
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பிடிடியை (டிரான்ஸ்மிட் பொத்தான்) தொடாதீர்கள். ரிக்கில் (ரேடியோ) இருந்தும் ஆன்டெனாவில் இருந்தும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றிவிட்டு மூடியைத் திறங்கள். திறந்த நிலையில் எந்தக் காரணத்துக்கும் டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள்.

காயிலுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பித்தண்டு ஓடும், அதன்மேல் சின்னச் சக்கரம். மின்சாரம் சுருளில் இருந்து சக்கரத்துக்கும், சக்கரத்தில் இருந்து தண்டுக்கும் போகிறது. என் ட்யூனரைத் திறந்தபோது அந்தத் தண்டு அடுப்பில் வைத்த கம்பி போலக் கறுத்திருந்தது. சக்கரத்தின் பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மை மாதிரி ஒட்டியிருந்தது. முள் குதிப்பது பெரும்பாலும் அங்கேதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள், மொபைல் சர்வீஸ் கடைகளில் இருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்துச் சுருள், சக்கரம், தண்டு மூன்றையும் பஞ்சு கறுக்காமல் வரும் வரை துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, வெள்ளிப்பூச்சு இருந்தால் போய்விடும். பிறகு இந்த முனையில் இருந்து அந்த முனை வரை இருபது தடவை சுற்றுங்கள்.

இறுக்கம் வேறு இடம். குமிழின் அச்சு பெட்டிக்குள் நுழையும் தாங்கியிலும் பின்பக்கத் தாங்கியிலும் பழைய கிரீஸ் பலாப்பிசின் போலக் காய்ந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குண்டூசித் தலையளவு புது கிரீஸ், அந்த இரண்டு இடத்தில் மட்டும்.

கெப்பாசிட்டரில் தகடுகளுக்கு நடுவே கிரீஸ் வழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அதையும் ஆல்கஹாலில் கழுவவேண்டும், தகட்டை வளைக்காமல். சுழலும் தகடுகளின் அச்சை உரசிக்கொண்டு ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதில் கிரீஸ் ஏறினாலும் முள் குதிக்கும்.

மார்த்தாண்டம்_மின்:
உப்பும் ஒரு காரணம் என்று இப்போதும் சொல்கிறேன். ஆனால் போட் கிரீஸை அங்கே வைக்கக்கூடாது.

வேளிமலை_சிக்னல்:
தேங்காய் எண்ணெயை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பழைய_மோர்ஸ்:
தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். மார்கழி விடியலில் உங்கள் வீட்டுக் குப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள், சொட்டாது. நாள்பட்டால் காறிப்போய்ப் பசையாகும். அதைத் தாங்கியில் விடச் சொல்வது தவறான ஆலோசனை.

வேளிமலை_சிக்னல்:
குளச்சலில் எப்போது அவ்வளவு குளிர்ந்தது? வேளிமலை அடிவாரத்தில் உறையும், சரி. கடற்கரையில் உறையாது. அப்பாவின் ரேடியோ இப்போதும் என்னிடம் இருக்கிறது, கெப்பாசிட்டர் ஒரு விரலுக்குச் சுற்றும்.

பழைய_மோர்ஸ்:
அது ரிசீவர், ஐயா. அதன் தகடுகளில் பொறி பறக்கும் அளவுக்கு வோல்டேஜ் ஏறாது. இது டிரான்ஸ்மிட் செய்யும் பெட்டி.

முட்டம்_முனை:
இரண்டு பேரும் எண்ணெயை விடுங்கள். அந்தச் சட் சட் சத்தத்துக்குக் காரணம் ஆன்டெனாவாக இருக்கலாம். தம்பி, 40 மீட்டர் பேண்டு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் டைப்போலையா (நடுவில் ஊட்டும் கம்பி ஆன்டெனா) 14 மெகாஹெர்ட்ஸில் போடுகிறீர்கள்?

குளச்சல்_அலை:
ஆமாம். மொட்டைமாடிக் குழாயில் இருந்து தென்னைக்கு, மொத்தம் 20 மீட்டர் நீளம். கோஆக்ஸ்.

முட்டம்_முனை:
அதுதான். 7-இல் அரை அலை நீளமுள்ள கம்பி 14-இல் முழு அலை ஆகிவிடும். நடுவில் ஊட்டினால் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம். 2000 ஓம் என்றே வையுங்கள், 50 வாட்ஸுக்கு 316 வோல்ட், உச்சத்தில் 447. கெப்பாசிட்டர் தகடுகளின் சுத்தமான காற்றிடைவெளி அதைத் தாங்கும். கிரீஸும் உப்புத்தூசியும் படிந்த இடைவெளி தாங்காது. தவிர, ட்யூனர் ரிக்கைத்தான் சமாதானப்படுத்தும், கோஆக்ஸில் நடக்கும் இழப்பு அப்படியே இருக்கும். இதே கம்பி 21-இல் ஓரளவு நன்றாகவே பேசும், அங்கே போங்கள்.

தக்கலை_டைப்போல்:
அதற்காக ட்யூனரே வேண்டாம் என்று ஆகிவிடாது. என் வீட்டில் ஒரே ஒரு தென்னைதான். பேண்டுக்கு ஒரு கம்பி கட்ட நான் எங்கே போவேன்?

முட்டம்_முனை:
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோஆக்ஸுக்குப் பதில் ஏணிக் கம்பி (இடைவெளி விட்டு ஓடும் இரட்டைக் கம்பி) போட்டால் அதே ஒரே தென்னையில் இழப்புக் குறைவாக எல்லா பேண்டும் போகலாம். ட்யூனர் அப்போதும் வேண்டும்.

பழைய_மோர்ஸ்:
கேட்டவர் திறந்தாரா இல்லையா என்றே தெரியவில்லை. அதற்குள் ஏணிக் கம்பிக்குப் போய்விட்டீர்கள்.

குளச்சல்_அலை:
திறந்தேன். பின்தாங்கியில் கிரீஸ் கல்லாகியிருந்தது. தண்டு கறுப்பு, பன்னிரண்டு பஞ்சுக்குச்சி ஆனது. இப்போது குமிழ் ஒரு விரலில் சுற்றுகிறது. காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் செக்-இன் ஆயிற்று, முள் அசையவில்லை. தக்கலை அண்ணனுக்கு நன்றி.

தக்கலை_டைப்போல்:
சந்தோஷம். கெப்பாசிட்டர் தகட்டில் வழிந்த கிரீஸைக் கழுவினீர்களா? அதைச் சொல்லவில்லையே. கழுவாமல் 14-க்குப் போகாதீர்கள்.

மார்த்தாண்டம்_மின்:
பல்பையும் மறக்க வேண்டாம், ஆடி வருகிறது.