சவுதி போகவா வேண்டாமா, கொஞ்சம் ஜெபிச்சு சொல்லுங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் பாளையங்கோட்டை, நர்ஸ். சவுதி வேலைக்கு புரோமெட்ரிக் (லைசென்ஸ் பரீட்சை) பாஸ் பண்ணி டேட்டாஃப்ளோவும் (சர்டிஃபிகேட் சரிபார்ப்பு) முடிஞ்சு ஆஃபர் லெட்டர் வந்துட்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள சைன் பண்ணணுமாம். அப்பா இல்ல, அம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸ், தம்பி காலேஜ் ரெண்டாம் வருஷம், வீட்டுப் பத்திரம் வேற அடமானத்துல கிடக்கு.

புது வருஷ ஆராதனைல அம்மா எடுத்த வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்குன்னு ஆளுக்கொரு பைபிள் வசனம்) ஆதியாகமம் 28:15, நீ போற இடமெல்லாம் காப்பேன்னு, அத ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டு "போ மக்கா"ங்காங்க. எனக்கு வந்தது சங்கீதம் 46:10, அமர்ந்திருன்னு!! இப்ப எந்த அட்டைய கேக்க. பைபிள்ல வர்ற கிதியோன் மாதிரி அடையாளம் கேக்கலாம்னு பாத்தா அவருக்கு ஏற்கெனவே தேவன் சொல்லிட்டாரே, அப்புறமும் ராத்திரி களத்துல போட்ட ஆட்டுத்தோல் மட்டும் பனில நனையணும், மறுநாள் அது மட்டும் காயணும்னு ரெண்டு தடவ கேட்டாரு, அது நம்பிக்கையா சந்தேகமான்னே எனக்கு புரியல.

நீதிமொழிகள் 11:14 ஆலோசனைக்காரர் நிறைய வேணும்னு சொல்லுது, அதான் இங்க கேக்கேன். எங்க சர்ச் ஐயர் (பாஸ்டர்) ஜெபிங்கன்னாங்க, மாமா சைன் பண்ணுங்காங்க. அங்க சர்ச் கிடையாதுங்கறதும் உறுத்துது.

இந்த மாதிரி வீட்டுல நோயாளிய விட்டுட்டு போன அக்காமார் இருக்கீங்களா? சமாதானம் வந்துச்சுன்னு சொல்றீங்களே, அது கர்த்தர் தந்ததா, இல்ல நம்ம ஆசைதானான்னு எப்படி கண்டுபிடிச்சீங்க? டயாலிசிஸுக்கு கூட்டிட்டு போக ஆள் ஏற்பாடு எப்படி பண்ணீங்கன்னும் சொல்லுங்க, ஜெபத்தோட அதுவும் வேணும்.