4 − 3⁻² − 6⁻¹ : மகளுக்கு 19, எனக்கு 201/54, விடைப் பக்கத்தில் வேறு ஏதோ

கணக்கு வராத அம்மா:
எட்டாவது படிக்கும் மகளின் வீட்டுப்பாடம். அவள் 3⁻² என்றால் −9, 6⁻¹ என்றால் −6 என்று எழுதி, மைனஸும் மைனஸும் பிளஸ் என்று 4+9+6 போட்டு 19 என்கிறாள். நான் 1/9, 1/6 என்று மாற்றி, 9ஐயும் 6ஐயும் பெருக்கி 54ஐப் பகுதியாக வைத்துச் செய்தேன், 201/54 வந்தது. விடை 3 13/18ஆம். இரண்டு பேருமே தப்பா?

டியூஷன் அக்கா:
உங்களுடையது சரிதான், சுருக்காமல் விட்டுவிட்டீர்கள். மேலும் கீழும் 3ஆல் வகுத்துப் பாருங்கள், 67/18, அதுதான் 3 13/18. 54க்குப் பதில் மீச்சிறு பொது மடங்கு (9, 6 இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண்) 18 எடுத்திருந்தால் 72/18 − 2/18 − 3/18 என்று நேராக வந்திருக்கும். பாப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: 3² = 9, 3¹ = 3, 3⁰ = 1, ஒவ்வொரு படியிலும் 3ஆல் வகுத்துக்கொண்டே இறங்குகிறோம், அடுத்த படி என்ன? 1/3, அப்புறம் 1/9. நடுவில் எங்கேயாவது மைனஸ் எண் வந்ததா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நாலு ரூபாயில் கொஞ்சம் சில்லறை எடுத்தால் பத்தொன்பது ரூபாய் ஆகுமா அம்மா, அதை முதலில் கேளுங்கள். எங்கள் காலத்து அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் 2⁻¹, 2⁻², 2⁻³, 2⁻⁴ தான். 1 − 2⁻⁴ போட்டால் 16/16 − 1/16 = 15/16, அதாவது 'முக்காலே மூணு வீசம்'. தினமும் வாயில் வருகிற வார்த்தை, கணக்கு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கணக்கு வராத அம்மா:
படி இறங்குவது அவளுக்குப் பிடித்துவிட்டது, 19ஐ அவளே அழித்தாள். ஆனால் அடுத்த கணக்கு 5 − (2/3)⁻², அதற்கு 5 − 4/9 எழுதி 41/9 என்கிறாள்.

டியூஷன் அக்கா:
வர்க்கம் போட்டாள், தலைகீழாக்க மறந்தாள். (2/3)⁻² என்பது (3/2)², அதாவது 9/4. முழு எண்ணுக்குக் கீழே 1 இருப்பதாக நினைத்து 5/1ஐ 20/4 ஆக்கச் சொல்லுங்கள். 20/4 − 9/4 = 11/4.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இரண்டே முக்கால்!

கணக்கு வராத அம்மா:
வந்துவிட்டது. விடைப் பக்கத்திலும் 2 3/4 தான்.