ஐமேக் ஆய்வகத்தில் மேக் ஓஎஸ் 9: எக்ஸ்டென்ஷன்கள் கலைந்துகொண்டே இருக்கின்றன, எப்படிப் பூட்டுவது?

கேள்வி: லேப்_பொறுப்பு

வணக்கம். எங்கள் கல்லூரி இதழியல் துறையில் எட்டு ஐமேக் ஜி3 (ஆப்பிளின் பழைய கணினிகள்) இருக்கின்றன. எல்லாம் ஸ்லாட்டில் சிடி செருகும் வகை, மேக் ஓஎஸ் 9.1. பழைய தமிழ் இதழ்களின் பேஜ்மேக்கர், குவார்க் (இரண்டும் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள்) கோப்புகளைத் திறந்து பார்க்க இவற்றை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை. அந்த எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தையவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும்.

மாணவர்கள் மாறி மாறி உட்காருகிறார்கள். யாரோ எக்ஸ்டென்ஷன்ஸ் மேனேஜரை (கணினி தொடங்கும்போது ஏறும் எக்ஸ்டென்ஷன் என்ற துணைக் கோப்புகளைப் போடும், அணைக்கும் பேனல்) திறந்து, "தேவையில்லை" என்று தோன்றியதை எல்லாம் அணைத்துவிடுகிறார்கள். ஒரு இயந்திரத்தில் குவார்க்கில் தமிழ் எழுத்து படிக்கட்டுபோல் உடைந்து தெரிகிறது. இன்னொன்றில் இணையம் இல்லை. மூன்றாவது, தொடங்கும்போது கீழே ஐகான்கள் வரிசையாக வந்து பாதியில் உறைந்து நிற்கிறது, மவுஸும் நகரவில்லை. இப்போதைக்கு எல்லோரும் ஒரே நுழைவில்தான் வேலை செய்கிறார்கள், பாஸ்வேர்ட் கிடையாது. சரிசெய்வதோடு, திரும்ப நடக்காமல் இருக்க வழி வேண்டும்.

பதில்: பழைய_டிடிபி

தம்பி, உறைந்து நிற்கும் இயந்திரத்தை முதலில் பாருங்கள். பவர் போட்டதும் ஷிஃப்ட் அழுத்திப் பிடியுங்கள். எக்ஸ்டென்ஷன் எதுவும் ஏறாமல் தொடங்கும். நல்லபடியாக டெஸ்க்டாப் வந்தால் டிஸ்க்கில் பிரச்சினை இல்லை, ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான். ஷிஃப்ட் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும்தான், எதையும் நிரந்தரமாக மாற்றாது.

அப்புறம் எக்ஸ்டென்ஷன்ஸ் மேனேஜரில் "மேக் ஓஎஸ் 9.1 பேஸ்" தொகுப்பைத் தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். ஆப்பிள் தந்த அடிப்படைச் சாமான்கள் மட்டும் ஏறும். இதிலும் ஓடுகிறது என்றால், வெளியிலிருந்து வந்தவற்றில் பாதியைச் சேர்த்துத் தொடங்குங்கள். உறைந்தால் குற்றவாளி அந்தப் பாதியில், இல்லாவிட்டால் மற்றப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் சீக்கிரம் பிடிபடும். பழைய ஸ்கேனர், பிரிண்டர் டிரைவர்களை முதலில் சந்தேகப்படுங்கள்.

எழுத்து உடைவதற்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரை ஏடிஎம், அதாவது அடோபி டைப் மேனேஜர், அணைந்திருப்பது. அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் பல போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 என்ற வகை. திரையில் அவற்றை வழுவழுப்பாகக் காட்டுவது ஏடிஎம்மின் வேலை. கண்ட்ரோல் பேனல்களில் அதன் பெயருக்கு முன்னால் ஒரு டில்டே குறி (~) இருக்கும். ஏறும் வரிசை அகரவரிசைதான்: முதலில் எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டர், பிறகு கண்ட்ரோல் பேனல்ஸ் ஃபோல்டர். டில்டே வைத்தால் தன் ஃபோல்டரில் கடைசியில் ஏறும், அதற்காகத்தான் அந்தக் குறி. பெயரை "அழகாக்குகிறேன்" என்று யாரும் அதை நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஜி3_ரசிகன்

இணையம் போன இயந்திரத்தில் ஓப்பன் டிரான்ஸ்போர்ட் (ஓஎஸ் 9-இன் வலைத்தொடர்பு மென்பொருள்) தொடர்பான கோப்புகள் அணைந்திருக்கிறதா பாருங்கள். கார்பன்லிப்பையும் பாருங்கள். பெயரைப் பார்த்தால் எதற்கென்றே புரியாது, ஆனால் அதை அணைத்தால் பல மென்பொருள்கள் திறக்கவே மாட்டா. அணைத்தவை அழிந்துபோவதில்லை. சிஸ்டம் ஃபோல்டருக்குள் "டிஸேபிள்ட்" என்று பெயர் முடியும் ஃபோல்டர்களில் இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கூடவே ஒன்று: தேதி 1904 என்று காட்டினால் உள்ளே உள்ள 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி தீர்ந்துவிட்டது. உங்கள் பிரச்சினைக்குத் தொடர்பில்லை, ஆனாலும் மாற்றிவிடுங்கள்.

பதில்: பழைய_டிடிபி

இனி பூட்டும் விஷயம். இதில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்டென்ஷன் தொகுப்பு இயந்திரத்துக்கு உரியது, ஆளுக்கு ஆள் மாறாது. பயனர் கணக்கு ஆளுக்கு உரியது. ஒன்றை வைத்து மற்றதைக் காக்க நினைத்தால் எப்போதும் ஓட்டை இருக்கும். அதனால் தொகுப்பைத் தனியாக உறைய வையுங்கள், நுழைவைத் தனியாகப் பூட்டுங்கள்.

தொகுப்புக்கு: ஆப்பிளின் "பேஸ்", "ஆல்" இரண்டும் ஏற்கெனவே பூட்டப்பட்டவை. அவற்றின் பிரதி ஒன்றை எடுத்து, ஏடிஎம், உங்கள் பிரிண்டர் டிரைவர் சேர்த்து, "ஆய்வகம்" என்று பெயர் வையுங்கள். ஒழுங்காக ஓடும் ஒரு இயந்திரத்தின் சிஸ்டம் ஃபோல்டரை முழுதாக இன்னொரு டிஸ்க்கில் இழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓஎஸ் 9-இன் பெரிய வசதி இது: இழுத்துப் போட்ட ஃபோல்டரிலிருந்தே கணினி தொடங்கும்.

நுழைவுக்கு: மல்டிபிள் யூசர்ஸ் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, நீங்கள் ஓனர், மாணவர்களுக்கு லிமிடெட் கணக்கு என்று வையுங்கள். லிமிடெட்டில் எந்தெந்த மென்பொருள் திறக்கலாம் என்று நீங்களே டிக் செய்கிறீர்கள். அடுத்த பக்கத்தில் கண்ட்ரோல் பேனல்ஸ், சூஸர் போன்றவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் மேனேஜர் அவர்கள் கைக்கே வராது.

இன்னொரு கதவும் உண்டு. தொடங்கும்போது ஸ்பேஸ் பாரைப் பிடித்தால் எக்ஸ்டென்ஷன்ஸ் மேனேஜர் திறக்கும். அதைச் செய்வது "இஎம் எக்ஸ்டென்ஷன்" என்ற கோப்பு. "ஆய்வகம்" தொகுப்பில் அதை விலக்கிவிடுங்கள். உங்களுக்கு வேண்டுமானால் ஓனராக நுழைந்து பேனல் வழியே திறந்துகொள்ளலாம்.

கேள்வி: லேப்_பொறுப்பு

நன்றி அண்ணா. உறைந்தது பழைய ஸ்கேனர் டிரைவரால்தான், நீக்கியதும் ஓடுகிறது. ஏடிஎம் அணைந்திருந்தது, போட்டதும் எழுத்து சரியாகிவிட்டது. சந்தேகம் இரண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கணக்கு வேண்டுமா? சிடி போட்டுத் தொடங்கினால் இந்தப் பூட்டு என்ன ஆகும்?

பதில்: ஜி3_ரசிகன்

தனித்தனியாகப் போனால் ஒவ்வொரு கணக்குக்கும் அமைப்புகள் தனி. பேஜ்மேக்கரை ஆளுக்கு ஒரு தரம் முதலிலிருந்து அமைத்துக்கொண்டிருப்பீர்கள். வகுப்புக்கு ஒரு கணக்கு போதும் என்பது என் கருத்து. மேகின்டோஷ் மேனேஜர் வைத்து ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கலாம், ஆனால் அதற்குச் சர்வர் தேவை. எட்டு இயந்திரத்துக்கு அந்தச் சுமை வேண்டாம்.

சிடியில் தொடங்கினால் மல்டிபிள் யூசர்ஸ் ஒன்றும் செய்யாது, டிஸ்க் முழுதும் திறந்து கிடக்கும். அதை ஓப்பன் ஃபர்ம்வேர் (ஓஎஸ் ஏறுவதற்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்ட் தடுக்கும். ஃபர்ம்வேர் 4.1.7 அல்லது அதற்குப் பிந்தையதா என்று ஆப்பிள் சிஸ்டம் ப்ரொஃபைலரில் பாருங்கள். பழையது என்றால் முதலில் புதுப்பிக்க வேண்டும். பிறகு கமாண்ட், ஆப்ஷன், ஓ, எஃப் நான்கையும் பிடித்துத் தொடங்கி, பாஸ்வேர்ட் வைத்து, பாதுகாப்பு முறையை "கமாண்ட்" என்று அமைத்தால், சி விசையைப் பிடித்துச் சிடியில் தொடங்க முடியாது.

பதில்: பழைய_டிடிபி

அந்தப் பாஸ்வேர்டையும் தாண்டலாம். மெமரியின் அளவை மாற்றிவிட்டு பிரேமை (PRAM, கணினியின் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிறு நினைவகம்) மூன்று முறை அழித்தால் போய்விடும். இந்த ஐமேக்கில் மெமரி மூடியை ஒரு நாணயத்தாலேயே திறக்கலாம். அதனால் ஆய்வகத்தில் ஆள் இல்லாத நேரத்தில் அறைக் கதவைப் பூட்டுங்கள். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டித் துறைத்தலைவரிடம் கொடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள் தம்பி. நீங்கள் வேறு வேலைக்குப் போன பிறகு அந்த இயந்திரங்களை நம்பி ஒரு இதழின் மொத்தக் கோப்பும் இருக்கும்.

கேள்வி: லேப்_பொறுப்பு

சரி அண்ணா. முதலில் ஒரு இயந்திரத்தில் "ஆய்வகம்" தொகுப்பும் லிமிடெட் கணக்கும் போட்டுப் பார்க்கிறேன். ஒரு வாரம் மாணவர்கள் உழைக்கட்டும், பிறகு மற்ற ஏழுக்கும் அதே சிஸ்டம் ஃபோல்டரைப் பிரதி எடுக்கிறேன்.

பதில்: பழைய_டிடிபி

பிரதி எடுத்த ஒவ்வொன்றிலும் கணினியின் பெயரை ஃபைல் ஷேரிங் பேனலில் மாற்றுங்கள். எட்டும் ஒரே பெயரில் வலையில் நின்றால் எந்தக் கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது.