புதுப்பிப்பு: அக்காவின் எடைக் குறைப்புக்கு டயட்டீஷியன் தேவையா?

சர்க்கரை, பிபி இரண்டும் உள்ள என் அக்கா 30 கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டும், டயட்டீஷியனுக்குச் செலவழிப்பது அவசியமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போனோம். அவசியம்தான்.

முதல் நாளே டயட் சார்ட் தரவில்லை. மாத்திரைச் சீட்டைத்தான் கேட்டார். அக்கா கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாள். சோற்றைக் குறைத்துக்கொண்டு அதே டோஸைத் தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம் என்று சொல்லி, முதலில் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் டோஸைக் குறைத்தார். எடை இறங்க இறங்க பிபி மாத்திரையையும் மாற்ற வேண்டி வரலாமாம். அக்கா பார்த்த எந்த யூடியூப் வீடியோவும் இதைச் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும் என்பதால் வேகத்துக்கும் கடிவாளம். தசை கரையாமலிருக்க முட்டை, மீன், சுண்டல், கூடவே எடை தூக்கும் பயிற்சி. இட்லியை நிறுத்தச் சொல்லவில்லை; அதில் அக்காவுக்குப் பெரிய நிம்மதி.

எடை அசையாத வாரங்களில் டயட்டீஷியன் போனில் பொறுமையாகப் பேசியதால்தான் அக்கா விட்டுவிடவில்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் எடுப்பதால், அது வைட்டமின் பி12-ஐக் குறைக்கலாம் என்று அடுத்து பி12 பரிசோதனை. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.