வீட்டுப் படிப்பைப் பற்றிப் பெற்றாரிடம் கேட்கப்போன நாட்கள்

பட்டிப்பளைப் பக்கத்து ஆசிரியை:

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். 2020 மார்ச் 13 கொரோனாவுக்காகப் பாடசாலைகளைப் பூட்டினதிலிருந்து, 2022 ஆனியில் பெற்றோல் இல்லாமல் திரும்பவும் பூட்டினது வரை, எங்கட பிள்ளைகள் விட்டு விட்டு வீட்டிலிருந்துதான் படித்தார்கள். அந்தப் படிப்பு எப்படி நடந்தது என்று பெற்றாரிடம் கேட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது. கேட்கப்போன இடங்களில் என்ன நடந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று கனநாள் நினைத்திருந்தேன். மாரி மழைக்குப் பாதை மூடினால் இதே கதை திரும்ப வரும். அதனால் இப்போதே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

2021 சித்திரைக் கடைசியில் பூட்டி இரண்டு கிழமையில் அதிபர் பெற்றாரின் கருத்தைக் கேட்டு எடுக்கச் சொன்னார். கூகுளில் படிவம் செய்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டேன். வகுப்பில் 29 பிள்ளைகள். 12 வீட்டிலிருந்து பதில் வந்தது. அதில் பத்துப் பேர் ‘திருப்தி’ என்று தொட்டிருந்தார்கள். நிறம் போட்ட வட்டம் ஒன்று வரைந்து கொடுத்தேன். அதிபரும் சந்தோசப்பட்டார்.

அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. போன் இல்லாத வீட்டில் படிப்பு எப்படி நடக்கிறது என்று போனில் கேட்டிருக்கிறேன். பதில் வராத அந்த 17 வீட்டிலும்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஆனிக் கடைசியில் பயணத்தடையை எடுத்ததும், அதே படிவத்தை அச்செடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் அந்தத் தாய் என் கையிலிருந்த தாளைக் கண்டதும் எழும்பி நின்றா. எதைக் கேட்டாலும் “எல்லாம் நல்லம் டீச்சர்” என்றா. எங்கட சனத்திடம் படிவமும் பேனையும் கையெழுத்தும் ஒன்றாக வந்தால் ஒன்றில் அது நிவாரணம், இல்லையென்றால் நுண்கடன். இரண்டுக்கும் சரியான பதில் ஒன்று இருக்கிறது என்றும், பிழையாகச் சொன்னால் ஏதாவது கைவிட்டுப் போகும் என்றும் அவர்களுக்குப் பழக்கம். நான் நல்லதற்குத்தான் கேட்கிறேன் என்று அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் வீட்டில் தாளைப் பைக்குள் வைத்தேன். பாயில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, “நேத்துப் பின்னேரம் தம்பி எங்க இருந்து எழுதினவன்?” என்று மட்டும் கேட்டேன்.

“எங்க டீச்சர் எழுதுற? போன் இவரோட மாட்டுப்பட்டிக்குப் போயிரும். பொழுதுபட்டுத்தான் வரும். வந்தா சார்ஜ் இரிக்காது. மறுகா சிக்னலுக்குக் குளக்கட்டுக்குப் போகணும். ஆனை வாற நேரத்தில புள்ளைய எப்படி அனுப்புற?”

என் படிவத்தில் ‘இணைய வசதி உண்டா?’ என்றுதான் ஒரு கேள்வி இருந்தது. உண்டு என்றே அவவும் சொல்லியிருப்பா. குளக்கட்டில் உண்டுதானே. நல்ல வேளை, அவவிடம் அதைக் கேட்கவில்லை.

இன்னொரு வீட்டில் அம்மம்மாவும் இரண்டு பிள்ளைகளும். தாய் குவைத்தில் வீட்டுவேலை. அம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. “அங்க இரிக்கிறவக்கிட்டக் கேளுங்க மனே, அவதான் படிப்பிக்கிற” என்றா. நான் குழுவில் போடும் படங்கள் முதலில் குவைத்துக்குப் போகுமாம். தாய் வேலை முடிந்து, இரவில் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் குரல் பதிவு அனுப்ப, பிள்ளை அதைக் கேட்டு எழுதும். ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தாயுடன் பேசினேன். தயங்கித் தயங்கிச் சொன்னா: “டீச்சர், குறை நினைக்காதீங்க. நீங்க போடுற படம் சரிஞ்சு கிடக்கு. பென்சில் எழுத்து வெளிறிப் போய்த் தெரியுதில்ல. ஒரே நாளில ஒம்பது படம் வந்தா எதை முதல் செய்யிற எண்டு புள்ளைக்கு விளங்குதில்ல.”

அத்தனை நாளில் என் வேலையைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் உண்மையான கருத்து அது. முகம் சுட்டது. அடுத்த நாளிலிருந்து கறுப்புப் பேனையால் பெரிதாக எழுதி, நாளுக்கு ஒரு பக்கம் மட்டும் அனுப்பினேன்.

கடைசியாக ஒரு தகப்பனைச் சொல்ல வேண்டும். நான் கேட்கத் தொடங்கும் முன்னமே, “எங்களிட்டக் கேட்டு என்ன செய்யப் போறீங்க?” என்றார். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவரே சொன்னார்: “பால் எடுக்கிற மோட்டச்சைக்கிள் தினமும் வெள்ளெண்ண இந்தப் பக்கம் வருது. தாளை அதில குடுத்து விடுங்க. சிக்னல் தேவையில்ல.”

அப்படியே செய்தோம். செயலட்டைகளைப் போட்டோக்கொப்பி எடுத்து, பிள்ளையின் பெயர் எழுதிய உறையில் போட்டுப் பால் எடுக்கும் தம்பியிடம் கொடுத்தேன். செய்த தாள்கள் அவரிடமே திரும்பி வந்தன. யூலை 12 அன்று ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. எங்கட சம்பள முரண்பாடு அப்போது 24 வருசமாகத் தீராமல் இருந்த விடயம். அதனால் நானும் விலகினேன். ஆனால் உறைகளை நிறுத்தவில்லை. கூடப் படிப்பிக்கும் தோழி ஒருத்தி இதற்காக என்னோடு கோபித்தா. உறை அனுப்பியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சாய்ந்தமருதிலிருந்து ஓர் உம்மா:

நான் பதில் சொன்ன பக்கம். எங்கட வீட்டில மூன்று பிள்ளைகள், ஒரு போன். மூத்தவள் உயர்தரம், நடுவில மகன், கடைசி தரம் 1. வாத்தியார் பெற்றாரின் கருத்தைக் குழுவிலேயே குரல் பதிவாகக் கேட்டார். எல்லா உம்மாமாரும் கேட்டுக்கொண்டிருக்க, என்ட புள்ளைக்குப் போன் வாய்க்கிறதில்ல எண்டு சொல்ல மனம் வருமா? ‘பிரச்சினை இல்லை சேர்’ எண்டு போட்டன். எனக்குப் பின்னால பதினைந்து பேர் அதையே போட்டாங்க. அவங்களில எத்தனை பேர் உண்மையைச் சொன்னாங்களோ, அல்லாஹ்தான் அறிவான்.

பிறகு மகள்ட டீச்சர் ஒருநாள் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு தனியக் கோல் எடுத்தா. ஒரு மணித்தியாலம் பேசினன். சின்னவன் பாடசாலைக்குப் போனது இரண்டு மாதம்தான். அவனுக்கு டீச்சர் எண்டா மாஸ்க் போட்ட ஒரு முகமும் போனில ஒரு குரலும். மகளுக்கு சூம் எண்டா மற்ற இரண்டு பேரும் அண்டைக்குப் படிக்கிறதில்ல. மூத்தவளுக்குப் பரீட்சை எண்டு சின்னவன நான்தான் விட்டுட்டன். அதைச் சொல்லும்போது அழுதுட்டன். குழுவில கேட்டிருந்தா ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டன்.

கருத்துக் கேட்கிறவங்களுக்கு ஒண்டு சொல்றன். தனியக் கேளுங்க. புள்ளைகள் படுத்த பிறகு கேளுங்க.

திருக்கோவில் பக்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர்:

நாங்கள் கூட்டம் வைத்துக் கேட்டோம். வார நாள், காலை பத்து மணி. வெட்டுக்காலம். எட்டுப் பேர் வந்தார்கள். அலுவலகத்திலிருந்து வந்தவர் முன்னால் இருந்து கேள்விகளை வாசித்தார். தகப்பன்மார் இரண்டு பேர்தான் கதைத்தது. பின்வரிசையில் தாய்மார் குனிந்தபடி இருந்தார்கள். வீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து படிப்பித்தது யார் என்று பார்த்தால், அந்தப் பின்வரிசைதான்.

அடுத்த தடவை வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் வைத்தோம். நாங்கள் ஆண்கள் வெளியே நின்றோம். ஓர் ஆசிரியை மட்டும் உள்ளே. அன்றைக்கு ஒரு தாய் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவவின் மகனுக்குக் காது கேளாது. வகுப்பில் டீச்சரின் வாயைப் பார்த்துப் படிக்கிற பிள்ளை. வீட்டுப் படிப்பு என்று அவனுக்கு வந்ததெல்லாம் குரல் பதிவு. ஐந்து மாதமாக ஒவ்வொரு நாளும் போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பானாம். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, “ஒருத்தரும் கேக்கலியே” என்றாவாம்.

நானும் அந்தச் சங்கத்தின் செயலாளர். எங்களுடைய எந்தப் படிவத்திலும் அப்படி ஒரு கேள்வி இருக்கவில்லை. வகுப்பு டீச்சர் பிறகு ஒவ்வொரு பாடத்தையும் முகம் தெரிய வீடியோ எடுத்து அனுப்பினா. ஐந்து மாதம் போனது போனதுதான்.

வாகரையிலிருந்து ஒரு தகப்பன்:

எல்லாரும் கஷ்டத்தையே எழுதுகிறீர்கள். உண்மைதான். ஆனால் எங்களுக்குக் கிடைத்ததையும் ஒருவர் எழுத வேண்டும். என் மகள் கணிதப் பிரிவு. முந்தி இணைந்த கணிதத்துக்கு விடிய பஸ் எடுத்து மட்டக்களப்பு டவுனுக்குப் போய், பொழுதுபட்டு வருவாள். மழைக்காலத்தில் அவள் வீடு வந்து சேரும் வரைக்கும் தாய்க்குச் சோறு இறங்காது. 2021இல் நல்ல ஆசிரியர் ஒருவர் சூமில் தொடங்கினார். மரத்தடியில் சிக்னல் பிடித்து அங்கேயே மேசை போட்டுக் கொடுத்தேன். அவள் பரீட்சை எழுதும் வரை அந்த மேசை அங்கேதான் கிடந்தது. பாடசாலை திறந்த பிறகு எல்லாத்தையும் ஒரேயடியாக நிற்பாட்டினார்கள். எங்களைப் போல தூரத்தில் இருக்கிறவர்களிடம் எதை வைத்திருக்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பட்டிப்பளைப் பக்கத்து ஆசிரியை:

வாகரை அண்ணா, நீங்கள் சொன்ன கேள்வி என்னிடமும் இருக்கவில்லை. ‘எது கஷ்டம்’ என்று கேட்டேனே தவிர, ‘எதை விட மனமில்லை’ என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டேன். திருக்கோவில் ஐயா, உங்கள் பதிலை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துக் காட்டலாமா? ஊர் பெயர் சொல்லமாட்டேன்.

இம்முறை மழைக்கு முன்னம் போகிறோம். படிவம் இல்லை. ஒரு வீட்டுக்கு ஓர் ஆசிரியை. தனிய, பின்னேரம் வேலை முடிந்த பிறகு. உம்மா சொன்னதுபோல் பிள்ளைகள் படுத்த பிறகு என்றால் ஆனைப் பயம், அதனால் போகமுடியாத வீடுகளுக்கு இரவில் கோல். கேட்டதை வீட்டுக்கு வந்துதான் எழுதுவது. கேள்விகள் நான்கு: நேற்றுப் பிள்ளை எங்கே இருந்து படித்தது, பக்கத்தில் யார் இருந்தது, நாங்கள் அனுப்பினதில் விளங்காதது எது, எதை விட மனமில்லை. பால் எடுக்கும் தம்பியிடமும் கேட்க இருக்கிறேன். எந்த வீட்டு உறை திறக்காமல் திரும்பி வந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.