ராயபுரம் மொட்டைமாடியில் லூப் ஆன்டெனா: கேபிளோடு பொருத்த வழி சொல்லுங்கள்

சிற்றலை நண்பர்களுக்கு வணக்கம். 31 மீட்டர் பட்டைக்காக (9.6 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சிற்றலை வானொலி அலைவரிசைகள்) மொட்டைமாடியில் மூங்கில் கழிகள் நட்டு, சுமார் 32 மீட்டர் செம்புக் கம்பியைச் சதுர லூப்பாகக் கட்டியிருக்கிறேன். 9.6 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு முழு அலைநீளம். நல்ல உயரத்தில் இத்தகைய லூப்பின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, இம்பீடன்ஸ்) 100 முதல் 120 ஓம் வரை இருக்கும். என் ரிசீவருக்கு வேண்டியதோ 50 ஓம். இடையில் கால் அலைநீள 75 ஓம் கேபிள் சேர்த்தால் கணக்கு சரியாக வருகிறது (75 × 75 ÷ 50 = 112.5). கையில் இருப்பது நுரைக் காப்பு டிவி கேபிள். திசைவேகக் காரணி (கேபிளில் அலை செல்லும் வேகம், ஒளிவேகத்தில் எத்தனை பங்கு என்பது) 0.83 என்று வைத்து 6.5 மீட்டர் வெட்டலாமா?

சிக்கல், லூப்புக்கு இரண்டு மீட்டர் கீழேயே இரும்புக் கம்பி பாவிய கான்கிரீட் தளம். மின்மறுப்பு வெகுவாக இறங்கிவிட்டால் இந்தக் கால் அலைத் துண்டே வேண்டாத வேலை. அனலைசர் (மின்மறுப்பை அளக்கும் கருவி) இல்லாமல் இதை அறிய வழி உண்டா?

கேட்பதற்கு மட்டும்தானே, பொருத்தம் எதற்கு என்பீர்கள். பாதி உண்மை. எனக்குப் பெரிய தொல்லை, அக்கம்பக்கத்து எல்இடி விளக்கு, இன்வர்ட்டர் இரைச்சல் கேபிளின் வெளியுறை வழியே ஏறி வருவது. அதைத் தடுக்கும் 1:1 பாலனை (balun) லூப்பின் ஊட்டுமுனையில், அதாவது கேபிள் லூப்போடு சேரும் இடத்தில் வைப்பதா, ரிசீவர் அருகிலா? பாலன் சுற்ற, ரிச்சி தெருவில் கிடைக்கும் பெயர் தெரியாத ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையங்களை நம்பலாமா?

கடற்காற்றில் செம்பு இணைப்புகள் பச்சை பூக்காமல் எதைப் பூசுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.